நெருப்பை வளர்த்தவர்

மைசூர் நகரின் தேவராஜ மொஹல்லா, பூவும் வெற்றிலையும் மணக்கும் தேவராஜ சந்தைக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கு நாம் குடியிருந்தபோது, ரயில்வேயில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் தம் பணிச் சான்றிதழைத் தமிழில் பெயர்த்துத் தருமாறு கேட்டார். அதில் அவர் பதவி 'ஃபயர்மேன்' என்றிருந்தது. நாம் சிந்தியாமல் 'தீயணைப்பாளர்' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முப்பது வருஷம் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். அணைத்தவன் என்று எழுதிவிட்டீர்களே!"

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது நல்ல பாடம். தீயை அணைப்பவரையும், எஞ்சினில் தீயை வளர்ப்பவரையும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறது. வளர்ப்பவருக்கென்றே அம்மொழியில் 'ஸ்டோக்கர்' என்னும் வேறொரு சொல்லும் உண்டு. அது 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து வந்தது. 'ஸ்டோக்கர்' என்ற பெயர் முதலில் வந்து, 'ஸ்டோக்' என்ற வினை அதிலிருந்து பின்னர் பிறந்தது என்பது விந்தை. டச்சு மூலத்தின் பழம்பொருள், கோலால் குத்திக் கிளறுதல். பானை சுடும் சூளைகளுக்குப் புகழ்பெற்ற ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரின் பெயரோ வேறு வேரினது. பழைய ஆங்கிலத்தில் இடத்தைக் குறித்த சொல் அது. ஒலி ஒத்தால் உறவு என்று கொள்ளலாகாது.

நாளடைவில் அந்த வினை, சினத்தையும் பகையையும் கிளறுவதற்கும் வழங்கலாயிற்று. தமிழ் உள்ளமும் இவ்வழியிலேயே சென்றிருக்கிறது. விளக்குத் திரியை மேலேற்றுதல் தூண்டுதல். அதற்கான கோல் தூண்டுகோல். இன்று ஒருவரைச் செயலுக்கு ஏவுவதும் தூண்டுதலே. இரு மொழிகளும் கோலும் நெருப்பும் கொண்டே மனத்தின் இயக்கத்தைச் சொல்லக் கற்றன.

இனி, அப்பெரியவரின் தொழிலுக்கு வருவோம். பெங்களூரிலிருந்து மைசூருக்கு 1882இல் ரயில் வந்தது. மைசூர் அரசு ரயில்வே 1951இல் தென்னக ரயில்வேயில் இணைந்தது. அந்நாட்களிலெல்லாம் எஞ்சினை இழுத்தது நீராவி. நீராவியைத் தந்தது ஃபயர்மேனின் கை. கரியை அள்ளிப் போடுவது மட்டும் அவர் வேலை அன்று. கரி மிகுதியாகக் குவிந்தால் காற்று புகாமல் கரும்புகை எழும். தீப்படுகையில் ஓட்டை விழுந்தால் குளிர்காற்று ஏறி நீராவி அழுத்தம் குறையும். உலைப்பெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் நீர் நிற்கவேண்டும். இன்றேல் விபத்து நேரும். ஓடும் வண்டியில், அனல் முகத்தில் அடிக்க, இவையனைத்தையும் கண்ணாலும் காதாலும் அறிந்து செய்தவர் அவர்.

பின்னர்ப் பெரிய எஞ்சின்களில் கரியைத் தானே ஊட்டும் பொறி வந்தது. ஆங்கிலத்தார் அப்பொறிக்கும் 'ஸ்டோக்கர்' என்றே பெயரிட்டனர். மனிதன் பெயர் பொறிக்குப் போயிற்று. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இல் நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது. 1979இல் மைசூரில் ரயில் அருங்காட்சியகம் அமைந்தது. நிலையத்திற்கு அண்மையிலுள்ள அவ்விடத்தில் பழைய எஞ்சின்கள் குளிர்ந்து நிற்கின்றன. நேயர்கள் அங்குச் சென்றால், உலைப்பெட்டியின் வாயை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். அதன் முன் நின்றவர்களில் தமிழரும் உண்டு.

சான்றிதழை நாம் திருத்தினோம்: 'நீராவி எஞ்சினில் நெருப்பு வளர்ப்பவர்.' பெரியவர் இரண்டு முறை படித்தார். "இப்போது சரி" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு சொல் தவறினால் ஒருவரின் முப்பதாண்டு உழைப்பு தலைகீழாகிவிடும் என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.