தமிழுக்கு உலக மேடை அமைத்த பாதிரியார்: தனிநாயகம் அடிகளார்

சிம்பாங் அம்பாட், செப். 1 – கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் சமூகத் தொண்டு என்றதும் ஆதரவற்றோர் இல்லம், மருந்தகம், பள்ளிக்கூடம் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். சேவியர் தனிநாயகம் அடிகளாரின் தொண்டு வேறு வகையானது. தமிழர்களுக்குத் தங்கள் மொழியின் மதிப்பை எடுத்துக்காட்டுவதையே அவர் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். அந்தப் பணியின் முக்கியமான ஆண்டுகள் நம் நாட்டில் கழிந்தன. முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெறக் காரணமாக இருந்தவர் அவரே. 1980ஆம் ஆண்டு இதே நாளில் அவர் யாழ்ப்பாணத்தில் காலமானார்.

செபராங் பிறை மக்களுக்குத் தேவாலயமும் பாதிரியாரும் அந்நியமல்ல. ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குக் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஆனாலும் தனிநாயகம் அடிகளாரின் பெயர் இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது.

கரம்பொன்னிலிருந்து ரோமாபுரிக்கு

இலங்கையின் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர் கொழும்பில் குருமடத்திலும் பயின்றார். 1934இல் ரோமாபுரி சென்று இறையியல் கற்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பது அவரது இயற்பெயர். தம் முன்னோர் ஒருவரின் பெயரான தனிநாயகம் என்பதைப் பின்னாளில் சூட்டிக்கொண்டார்.

ரோமாபுரியிலிருந்து திரும்பியபோது இலத்தீன், இத்தாலியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்திருந்தன. தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கும் வாய்ப்புதான் அதுவரை கிடைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அப்போது வயது 32. இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், இளைஞர்களோடு வகுப்பில் அமர்ந்து சங்க இலக்கியம் படித்தார். பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி அங்கே அவர் செய்த ஆய்வு, 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

தமிழைப் பற்றித் தமிழர்களிடமே பேசிக்கொண்டிருந்தால் போதாது, உலகம் அறியும் மொழியிலும் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகவே 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார்.

தொழிலாளர் பணம் சேர்ந்த துறை

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தத் துறைக்கும் தோட்டப்புறத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1950களில் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்குப் பால்மரத் தொழிலாளர்களும் பட்டணத்துத் தமிழர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது.

உழைப்பாளிகளின் வெள்ளியும் சேர்ந்து வளர்ந்த அந்தத் துறையை, உலக அறிஞர்கள் திரும்பிப் பார்க்கும் இடமாக மாற்றியவர் அடிகளார்.

1966: ஓராண்டில் மூன்று பணிகள்

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை அமைப்பதில் அடிகளார் முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபில்லியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர்.

மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழர் என்றாலே பால்மரம் வெட்டுபவர், சாலை போடுபவர் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அந்த மக்களின் மொழியை ஆராயப் பல நாட்டு அறிஞர்கள் இங்கே வந்து கூடினார்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நடப்பதற்கு முன்பே இங்கே நடந்தது என்பதுதான் நமக்குப் பெருமை.

அதே ஆண்டில் மேலும் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, தமிழியல் நூல்களைத் தொகுத்துக் காட்டும் வழிகாட்டி. மற்றொன்று, அந்தாவோ தெ புரோவென்சா என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு அடிகளார் அதை மறுபதிப்பாக்கினார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய நூலையும் தமிழர்களின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

மொழியை இழந்த தோட்டங்கள்

தமிழர் குடியேறிய நாடுகளைப் பற்றியும் அடிகளார் ஆராய்ந்தார். கரும்புத் தோட்டங்களுக்காக 1853 முதல் தமிழர்கள் கப்பலேற்றப்பட்ட மார்த்தினிக் தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே அவர்களின் வழித்தோன்றல்கள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தெய்வ வழிபாட்டில் சில தமிழ்ப் பாடல்கள் எஞ்சின. பாடுகிறவர்களுக்கே அவற்றின் பொருள் தெரியாத நிலை வந்தது.

நம் முன்னோரும் அதே போலத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள்தாம். இங்கே தமிழ் நிலைத்ததற்குத் தமிழ்ப்பள்ளிகள் பெருங்காரணம். 1816 அக்டோபர் 21இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பத்து காவான், வல்டோர் தோட்டங்களின் பெயர்களை நம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இறுதி ஆண்டுகள்

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். மாநாடுகள் 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாள் பொதுக்கூட்டத்தில் போலீஸ் நடவடிக்கையின்போது உயிர்கள் பலியாயின. 1980இல், 67ஆம் வயதில் அடிகளார் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த மாநாடு 1987இலும் 2015இலும் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது.

நம் கையில் உள்ளது

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழை விட்டுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எடுக்கும் மாணவர் குறைந்தால், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க வருவோரும் குறைவர். தொழிலாளர் பணம் கொடுத்து வாங்கிய இடம் நாளடைவில் காலியாகும்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்பு நடத்தப்பட வேண்டும். தனியாகக் கேட்பதைவிட, முதலாம் படிவத்தில் பிள்ளைகள் சேரும்போதே பெற்றோர்கள் பெயர்களைச் சேர்த்து ஒரே கடிதமாகத் தலைமையாசிரியரிடம் கொடுப்பது நல்லது. தனிநாயகம் அடிகளார் 32 வயதில் தமிழ் வகுப்பைத் தேடிப் போனார். நம் பிள்ளைகளுக்கு 13 வயதில் அந்த வகுப்பைப் பள்ளியிலேயே கேட்டு வாங்க நம்மால் முடியும்.