மாங்குளத்துக்கு ரயில் திரும்பிய கிழமை

2013 செப்டெம்பர் 14ஆம் திகதி, ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரையான ரயில் பாதையை அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச திறந்துவைத்தார். 1990 ஜூனில் நின்றுபோன ரயிலுக்குப் புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி வழியே 23 ஆண்டுகளின் பின் மறுபடி பாதை கிடைத்தது. அதற்குச் சரியாக ஏழாம் நாள், 21ஆம் திகதி, வடக்கு மாகாணசபைக்கான தேர்தல். இரண்டு திகதிகளும் தற்செயலாக அருகருகே விழுந்தவை அல்ல. ஏ-9 வீதி, மின்சாரம், ரயில் என்று 'வடக்கின் வசந்தம்' என்ற பெயரில் நடந்தவற்றைக் காட்டி அரசாங்கக் கட்சி வன்னியில் வாக்குக் கேட்டது. எதிரே நின்ற வேட்பாளர்களில் பலர் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நிற்காதவர்கள். வாகனம், பதவி, கொடுக்க வேலை, போட வீதி எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் மாங்குளம் அடங்கும் முல்லைத்தீவு மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பட்டியலுக்கு 28,266 வாக்குகளும் அரசாங்கப் பட்டியலுக்கு 7,209 வாக்குகளும் விழுந்தன. ஐந்து ஆசனங்களில் நான்கு கூட்டமைப்புக்குப் போயின. கிளிநொச்சியில் 37,079க்கு 7,737. வன்னியின் தேர்தல் வரலாற்றை 1947 முதல் வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த முடிவு திடீரென முளைத்தது அல்ல என்பது தெரியும். பலமில்லாத புதிய வேட்பாளர் இங்கே வெல்வதையும் தோற்பதையும் தீர்மானித்தது பணமோ பெயரோ அல்ல. வாக்காளர் தடையின்றிப் பெட்டிவரை வந்து சேர முடிந்ததா, அங்கே அவருக்குத் தெரிவு இருந்ததா என்பவையே.

நாடாளுமன்றத்துக்கு மாங்குளம் மக்கள் முதலில் வாக்களித்தது வவுனியாத் தொகுதியில். 1947இல் அத்தொகுதி கட்சி எதையும் சாராத சி. சுந்தரலிங்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ஊரெழுச்சி வேட்பாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒக்ஸ்போர்டில் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானவர். 'அடங்காத் தமிழர்' என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கும் வன்னியின் பழைய பெயர் அடங்காப்பற்று என்பதற்கும் உள்ள பொருத்தத்தை அந்தத் தலைமுறை ரசித்திருக்க வேண்டும். 1956இல் தமிழரசுக் கட்சி தமிழ்ப் பகுதிகளை அள்ளிக்கொண்டு போனபோதும் வவுனியா அவரையே வைத்துக்கொண்டது. 1960 மார்ச்சில் அவரை எதிர்த்து நின்றவர் தா. சிவசிதம்பரம். அவரும் சுயேச்சை. முன்னாள் அமைச்சர், நாடறிந்த பேச்சாளர், பதின்மூன்று ஆண்டுகளாக அந்தத் தொகுதியின் முகம் என்ற எல்லாம் ஒரு தட்டில் இருக்க, வவுனியா வாக்காளர்கள் புதியவரைத் தெரிவுசெய்தார்கள். அந்தத் தேர்தலிலும் தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களை வென்றது. அந்தப் பதினைந்தில் வவுனியா இல்லை. வன்னி மக்கள் யாழ்ப்பாணத்தின் அலையில் மிதந்து போகிறவர்கள் என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. முதல் பதின்மூன்று ஆண்டுகளின் பதிவேடு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1970இல் தமிழரசுக் கட்சியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு வென்றபோதுதான் ஒரு பெரிய கட்சியின் கை அங்கே உறுதியாக விழுந்தது.

1977இல் முல்லைத்தீவு தனித் தொகுதியாகி, செல்லத்தம்பு அங்கே தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் வென்றார். 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அங்கிருந்து வன்னி வாக்காளரின் கை வெறுமையாகத் தொடங்கியது. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம், 13ஆவது திருத்தம், மாகாணசபைகள் சட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1988 நவம்பரில் வடக்கு–கிழக்கு மாகாணசபைக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியின்றி நிரம்பின: ஈ.பி.ஆர்.எல்.எஃப்.க்கு 24, ஈ.என்.டி.எல்.எஃப்.க்கு 12. அந்த 36 பேரும் சட்டசபை ஒன்றுக்குப் புதியவர்களே. ஆனால் அவர்களுக்கு மாங்குளத்தில் ஒருவரும் வாக்களிக்கவில்லை. வாக்களிக்க வாய்ப்பே இருக்கவில்லை. விடுதலைப் புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள், கூட்டணி ஒதுங்கியது, இந்தியப் படை ஊரில் நின்றது. வாக்குப்பெட்டி வைக்காமலே பதவிக்கு வந்த அந்தச் சபை 1990இல் இந்தியப் படையோடு சேர்ந்து மறைந்தது. யாருக்கும் பதில் சொல்லும் கடப்பாடு இல்லாமல் பிறந்த சபை இவ்வளவு விரைவாக மக்களின் நினைவிலிருந்து அகன்றதில் வியப்பில்லை.

அதே 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998இல் ஜயசிக்குறு நடவடிக்கையில் இராணுவம் ஊரைப் பிடித்தது, 1999 நவம்பரில் புலிகள் மீட்டார்கள், 2008 நவம்பரில் மீண்டும் இராணுவம். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் வெள்ளாங்குளம் வீதியும் கூடும் சந்தி என்பதால் இந்த ஊருக்கு அமைந்த தலைவிதி இது. இப்படிக் கைமாறும் இடத்தில் வாக்காளர் இடாப்பு என்பது வெறும் தாள். 1994இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் அதற்குள் அடக்கம், சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈ.பி.டி.பி. 10,744 வாக்குகளுடன் ஒன்பது நாடாளுமன்ற ஆசனங்களைப் பெற்றது. இடாப்பிலோ ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். 2001 டிசம்பரில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வாக்களிக்க வந்தவர்கள் இராணுவச் சோதனைச்சாவடிகளில் மறிக்கப்பட்டார்கள். 2004இல் எல்லைக் கோட்டருகே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைத்துப் பேருந்துகளில் கொண்டுவந்து வாக்களிக்க வைத்தார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் திணித்த புறக்கணிப்பு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் வாக்குப் பதிவானது. ஒருமுறை இராணுவம் மறித்தது, மறுமுறை புலிகள் இயக்கம் மறித்தது. இந்த இருபது ஆண்டுகளில் யார் வென்றார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு வன்னி மக்களின் மனதை ஆராய்பவர்கள் இல்லாத ஆட்களின் கைரேகையைப் படிக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2013ஐ எடைபோட வேண்டும். 2006 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் வடக்கையும் கிழக்கையும் பிரித்தது. கிழக்கில் 2008இலேயே தேர்தல் நடந்தது, வடக்கில் போர் முடிந்தும் நான்காண்டுகள் ஆளுநர் ஆட்சி. 2013இல் தேர்தல் வந்தபோது 36 ஆசனங்களுக்கு 906 பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அனந்தி சசிதரன். கிளிநொச்சிக் கச்சேரியில் எழுதுநராக இருந்தவர், போரின் கடைசி நாட்களை வன்னிக்குள்ளேயே கழித்தவர். புலிகளின் திருகோணமலை அரசியற்துறைப் பொறுப்பாளர் எழிலன் அவரது கணவர். 2009 மே மாதம் முல்லைத்தீவில் தம் கண்ணெதிரே இராணுவத்திடம் சரணடைந்தார் என்று சொல்லி, வவுனியா மேல் நீதிமன்றத்தில் அனந்தி ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். அவர் போட்டியிட்டது யாழ்ப்பாண மாவட்டத்தில், கொண்டுபோனது வன்னியின் கேள்வியை. வாக்களிப்புக்கு முதல் நாள் அதிகாலை சுழிபுரத்தில் அவரது வீடு தாக்கப்பட்டது, ஆதரவாளர்கள் காயமடைந்தார்கள். தாக்கியவர்கள் சீருடையில் வந்ததாக அவர் தரப்பு சொன்னது, இராணுவம் மறுத்தது. வாக்களிப்பு நாள் விடிந்தபோது அவர் அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டார் என்ற செய்தியோடு 'உதயன்' பத்திரிகையின் போலிப் பிரதி ஒன்று ஊரில் உலவியது. அன்று மக்கள் வரிசையில் நின்றார்கள். அவருக்கு விழுந்த விருப்பு வாக்குகள் 87,870. முதலமைச்சர் வேட்பாளரான முன்னாள் நீதியரசர் விக்னேஸ்வரனின் 1,32,255க்கு அடுத்த இடம் அவருக்கே.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: வென்றது கூட்டமைப்பின் வீட்டுச் சின்னம், ஆட்கள் அல்ல, அந்தப் பட்டியலில் யாரை நிறுத்தியிருந்தாலும் வென்றிருப்பார்கள். பட்டியலின் வெற்றியைப் பொறுத்தவரை இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலங்கையின் விகிதாசார முறையில் வாக்காளர் இரண்டு முடிவுகளை எடுக்கிறார். கட்சிக்கு ஒரு புள்ளடி. அதன்பின் அந்தப் பட்டியலுக்குள்ளேயே மூன்று பேர்வரை விருப்பு வாக்கு. சின்னம் முதல் முடிவை மட்டுமே விளக்கும். இரண்டாவது முடிவில் எல்லாரும் ஒரே சின்னத்தில் நிற்கிறார்கள். அங்கே ஆளுக்கு ஆள் போட்டி. அதே பட்டியலில் புளொட் தலைவரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான சித்தார்த்தன் 39,715 விருப்பு வாக்குகள் பெற்றார். அமைப்பும் பல ஆண்டு அரசியலும் உடைய ஒருவரைவிட, ஓர் அலுவலக எழுதுநர் இரண்டு மடங்குக்கு மேல் பெற்றதைச் சின்னத்தால் விளக்க முடியாது.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. 2004இல் செல்வராசா கஜேந்திரன் என்ற இளைஞர் முதல் தேர்தலிலேயே 1,12,077 விருப்பு வாக்குகளோடு யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றார். அது இயக்கத்தின் விருப்பம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2013இல் நடந்ததும் அதன் எதிரொலிதானே, எழிலனின் மனைவி என்பதற்காகப் போட்ட வாக்குகள்தானே என்று கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இருக்கிறது. 2004இல் வடக்கில் மாற்றுக் கட்சிகள் தடையின்றிப் பிரசாரம் செய்ய முடியவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் குறை சொன்னார்கள். சொல்லிக் கொடுத்த பெயருக்குப் புள்ளடி விழுந்தது. 2013இல் சொல்லிக் கொடுக்க இயக்கம் இல்லை. இருந்த அதிகாரம் முழுதும் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. பொதுநலவாயக் கண்காணிப்புக் குழுவே இராணுவத்தின் தலையீட்டைக் குறிப்பிட்டது. அச்சம் எந்தப் பக்கம் தள்ளியதோ அதற்கு எதிர்ப்பக்கம் மக்கள் போனார்கள். உணர்ச்சி வாக்கு என்று அதைச் சிறுமைப்படுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். காணாமல் போனவர் எங்கே என்பது வன்னியில் வீட்டுக்கு வீடு இருந்த பொது விவகாரம். அதைச் சபைக்குக் கொண்டுபோகக்கூடியவர் யார் என்று பார்த்துத் தெரிவுசெய்தது அரசியல் தீர்ப்பு.

சபை என்ன சாதித்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தொடக்கத்தில் முன்னாள் இராணுவ அதிகாரி ஆளுநராக இருந்த, நிதிக்குக் கொழும்பை நம்பிய, உட்கட்சிச் சண்டையில் நாட்களைக் கரைத்த சபை அது. அதன் குறைகளை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது ஒரு வேலையைச் செய்தது: வன்னியின் புதியவர்கள் நின்று பழகும் படியாக இருந்தது. முல்லைத்தீவிலிருந்து 2013இல் முதன்முதலாகச் சபைக்குப் போனவர்களில் சிவமோகன் 2015இல் நாடாளுமன்றம் சென்றார். துரைராசா ரவிகரன் 2024 நவம்பரில், தேசிய மக்கள் சக்தி வன்னித் தேர்தல் மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்த தேர்தலில், தமிழரசுக் கட்சியின் ஒரே உறுப்பினராக அங்கிருந்து தெரிவானார். சில ஆயிரம் விருப்பு வாக்குகளோடு எட்டக்கூடிய மாகாணசபை ஆசனம் இல்லாமல், மன்னாரையும் வவுனியாவையும் முல்லைத்தீவையும் சேர்த்த பரந்த மாவட்டத்தில் மாங்குளத்தின் பக்கத்திலிருந்து ஒரு கமக்காரரோ ஆசிரியையோ எடுத்த எடுப்பில் நாடாளுமன்றத்துக்கு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் காட்டு வழிகளில் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

அந்தப் படிதான் இப்போது இல்லை. 2017இல் மாகாணசபைத் தேர்தல் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பெண் வேட்பாளர்களின் பங்கை உயர்த்துவதே அதன் நோக்கமாக இருந்தது. குழுநிலையில் கலப்புத் தேர்தல் முறை அதற்குள் நுழைக்கப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாணசபையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து, நிர்வாகம் ஆளுநரிடம் போனது. நாடாளுமன்றம் விரும்பினால் பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு சிறு திருத்தம் போதும். அதைக் கேட்க வேண்டியவர்கள் வன்னியின் வாக்காளர்களும் அவர்கள் அனுப்பிய உறுப்பினர்களும். 13ஆவது திருத்தம் நிறைவேறிய 1987 முதல் இன்றுவரை, மாங்குளம் மக்கள் மாகாணசபைக்கு வாக்களித்தது ஒரே ஒரு நாள்தான்: 2013 செப்டெம்பர் 21.