எலும்புப் புரதமும் நீரிழிவின் குறிப்பானும்: ஆஸ்டியோகால்சின் ஆய்வு வரலாறு (1975 – 2020)

ஆய்வுச் சுருக்கம்

எலும்பில் உருவாகும் ஆஸ்டியோகால்சின் என்னும் புரதம், எலும்பு வளர்சிதை மாற்றத்தின் குறிப்பானாக முதலில் அறியப்பட்டது. பின்னர் சர்க்கரையின் அளவை ஒழுங்குபடுத்தும் ஹார்மோனாகக் கருதப்பட்டது. 2020-இல் அக்கருத்தே ஐயத்திற்கு உள்ளானது. இம்மூன்று கட்டங்களையும் கால வரிசையில் ஆராயும் இக்கட்டுரை, ஒரு பொருள் ஹார்மோனா என்பதும் அது நோயின் குறிப்பானாகப் பயன்படுமா என்பதும் தனித்தனியே விடை காண வேண்டிய வினாக்கள் என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆஸ்டியோகால்சின், உயிர்க்குறிப்பான், நீரிழிவு, வைட்டமின் கே, தமனிச் சுண்ணாம்பேற்றம்.

முன்னுரை

உடலைத் தாங்குதல், உள்ளுறுப்புகளைக் காத்தல், கால்சியத்தைச் சேமித்தல் ஆகியவையே எலும்பின் பணிகள் எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. ஹார்மோன்கள் எலும்பின் மீது செயற்படுவன என்றே கருதப்பட்டது. எலும்பு தானே ஹார்மோனைச் சுரக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றது கடந்த கால் நூற்றாண்டில்தான். அம்மாற்றத்தின் மையத்தில் இருப்பது 49 அமினோ அமிலங்களால் ஆன ஆஸ்டியோகால்சின்.

கண்டுபிடிப்பும் முதற் பயன்பாடும்

இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே எவ்வாறு உதவுகிறது என்ற வினாவிற்கு 1974-இல் விடை கிடைத்தது. புரோத்ராம்பின் புரதத்திலுள்ள சில குளூட்டாமிக் அமிலக் கூறுகளோடு அவ்வைட்டமினின் துணையால் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி இணைகிறது எனத் தெரியவந்தது. அதே வேதிமாற்றம் கொண்ட புரதத்தைக் கோழியின் எலும்பில் ஹவுஷ்காவும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் கண்டனர். மாட்டின் எலும்பிலிருந்து பிரைஸ் குழுவினர் 1976-இல் அதனைப் பிரித்தெடுத்தனர். கார்பாக்சில் ஏறிய கூறுகள் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் இப்புரதம் எலும்பின் கனிமத்தோடு பிணைகிறது.

இப்புரதம் இரத்தத்திலும் சுற்றிவருவதை 1980-இல் பிரைஸும் நிஷிமோட்டோவும் காட்டினர். எலும்பாக்கச் செல்களின் சுறுசுறுப்பை ஒரு துளி இரத்தத்தில் அளக்கும் வாய்ப்பு இதனால் பிறந்தது. ஆக, ஆஸ்டியோகால்சின் மருத்துவத்துள் நுழைந்தது ஹார்மோனாக அன்று, எலும்பின் குறிப்பானாகவே. இதனை நினைவிற்கொள்ளுதல் பின்வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது.

ஹார்மோன் என்னும் கருதுகோள்

ஆஸ்டியோகால்சின் மரபணு நீக்கப்பட்ட எலிகளைக் கார்செண்டி குழுவினர் 1996-இல் உருவாக்கினர். அவற்றில் எலும்பாக்கம் மிகுந்தது. அதே எலிகளின் வளர்சிதை மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த முடிவுகள் 2007-இல் ‘செல்’ இதழில் வெளிவந்தன. அவற்றில் இன்சுலின் சுரப்பு குறைந்திருந்தது, இன்சுலினுக்குத் திசுக்கள் காட்டும் உணர்திறனும் குறைந்திருந்தது, கொழுப்பு மிகுந்திருந்தது. கார்பாக்சில் குறைந்த வடிவமே ஹார்மோனாகச் செயற்படுகிறது என அக்குழு முன்மொழிந்தது.

2010-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இதற்கு ஒரு சுழற்சி விளக்கம் அளித்தன. இன்சுலின் எலும்பாக்கச் செல்களின்மீது செயற்படுகிறது. அதனால் எலும்பழிப்பு தூண்டப்படுகிறது. எலும்பழிப்பின்போது உண்டாகும் அமிலச் சூழல் ஆஸ்டியோகால்சினின் கார்பாக்சிலை நீக்குகிறது. அவ்வாறு விடுபட்ட வடிவம் மீண்டும் கணையத்தைத் தூண்டுகிறது. எலும்பும் கணையமும் ஒன்றோடொன்று உரையாடுகின்றன என்ற இவ்விளக்கம் ஆய்வுலகைப் பெரிதும் ஈர்த்தது.

மனிதரிடம் கிடைத்த சான்றுகள்

கருதுகோள் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் மனித ஆய்வுகள் தொடர்ந்தன. இரண்டாம் வகை நீரிழிவு கொண்டோரிடம் ஆஸ்டியோகால்சின் அளவு, இரத்தச் சர்க்கரையோடும் தமனித் தடிப்பின் அளவீடுகளோடும் தொடர்புடையது என ஜப்பானில் கனசாவா குழுவினர் 2009-இல் கண்டனர். ஆயினும் இத்தகைய தொடர்பு காரணத்தைக் காட்டுவதன்று. நீரிழிவில் எலும்பின் புதுப்பிப்பு வேகமே குறைகிறது. ஆகவே ஆஸ்டியோகால்சின் குறைவு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

காரணத்தைச் சோதிக்க இரு வழிகள் இருந்தன. கருதுகோள் சரியெனில், வைட்டமின் கே உட்கொள்ளுதல் கார்பாக்சில் குறைந்த வடிவத்தைக் குறைத்து இன்சுலின் எதிர்ப்பை மிகுவிக்க வேண்டும். 2008-இல் வெளியான ஒரு சோதனையில் முதிய ஆண்களிடம் அதற்கு நேர்மாறான விளைவே காணப்பட்டது. அதுபோலவே எலும்பழிப்பைத் தடுக்கும் மருந்துகள் நீரிழிவைக் கூட்ட வேண்டும். மூன்று பெருஞ்சோதனைகளின் தரவுகளை மறு ஆய்வு செய்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, அவ்வாறு கூடவில்லை எனக் காட்டியது.

2020: மறு ஆய்வு

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட புதிய மரபணு நீக்க எலிகள் பற்றிய இரு கட்டுரைகள் 2020-இல் ‘பிளாஸ் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வெளியாயின. இவ்வெலிகளில் சர்க்கரை அளவில் மாற்றம் இல்லை. எலும்பின் பருமனும் மிகவில்லை. கனிமப் படிகங்கள் கொலாஜன் இழைகளுக்கு இணையாக அமையும் ஒழுங்கு மட்டுமே குலைந்தது என ஜப்பானியக் குழு கண்டது. இருவேறு முடிவுகளுக்குக் காரணம் எலிகளின் மரபுப் பின்புலமா, மரபணு நீக்கப்பட்ட முறையா என்ற விவாதம் எழுந்தது.

இரத்தக்குழாய்ச் சிக்கல்களும் பிற குறிப்பான்களும்

ஆஸ்டியோகால்சின் மட்டுமே ஆராயப்பட்டது என்பதில்லை. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் இல்லாத எலிகளில் எலும்பு நலிவதோடு தமனிகளில் சுண்ணாம்பும் ஏறியது என 1998-இல் அறியப்பட்டது. ஆனால் 2001-இல் முதிய பெண்களிடம் நடந்த ஆய்வில், நீரிழிவு உள்ளோரிடம் இப்புரதம் மிகுந்தே காணப்பட்டது. எலியில் காப்பாக விளங்கும் பொருள் மனிதரில் ஆபத்தின் அடையாளமாகத் தோன்றும் இம்முரண், பாதிப்பை ஈடுசெய்ய உடல் முயல்வதன் வெளிப்பாடு என விளக்கப்படுகிறது. எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.23, சிறுநீரக நோயாளிகளின் இறப்பு ஆபத்தோடு தொடர்புடையது என 2008-இல் தெரியவந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆஸ்டியோகால்சின், எஃப்.ஜி.எஃப்.23 ஆகிய இரண்டின் அளவும் சிறுநீரகச் செயலிழப்பில் உயர்கின்றன. நீரிழிவின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று சிறுநீரகப் பாதிப்பு. எனவே இவற்றின் அளவு எலும்பைக் காட்டுகிறதா, இரத்தக்குழாயைக் காட்டுகிறதா, சிறுநீரகத்தைக் காட்டுகிறதா என்பதைத் தனித்து ஆராயாமல் நோயாளிக்கு முடிவு கூற இயலாது.

முடிவுரை

1980-இல் குறிப்பானாக அறிமுகமான ஆஸ்டியோகால்சின், 2007-இல் ஹார்மோன் என்ற தகுதியைப் பெற்றது. 2020-இல் அத்தகுதி கேள்விக்குள்ளானது. ஆனால் காரணமாக இல்லாத பொருளும் நல்ல குறிப்பானாகலாம். காரணமான பொருளும் குறிப்பானாகத் தோற்கலாம். ஹார்மோன் கருதுகோளின் ஈர்ப்பு இவ்வேறுபாட்டை மறைத்தது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். நோயாளியின் இரத்தத்தில் காணும் ஓர் எண்ணை மருந்தாக மாற்ற முனையும்முன், அவ்வெண் எதன் சாட்சி என்பதை உறுதிசெய்தல் ஆய்வாளரின் முதற் கடமையாகும்.