ஒரு படி அரிசியும் இரண்டு கட்சியும்

அறுபதுகளில் கோவையில் வளர்ந்தவர்களுக்கு ரேஷன் கடை வரிசை மறந்திருக்காது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் போகுமுன் பையோடு வரிசையில் நிற்பது என் வேலை.

1965-லும் 66-லும் நாடு முழுக்க மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரியே கேட்டுக்கொண்ட காலம். இங்கே முதல்வர் பக்தவத்சலம்.

அப்பா கதர் கட்டிய காங்கிரஸ்காரர். "மழை இல்லைன்னா அரசாங்கம் என்ன பண்ணும்? பதுக்கறவனைக் கேளு" என்பார். சித்தப்பா கருப்பு சிவப்புக் கரை வேட்டி. "மழை மேல பழியைப் போடாதீங்கண்ணா, எல்லாம் நிர்வாகக் கோளாறு" என்பார். மேடைகளில் அவரவர் தலைவர்கள் பேசியதும் இதேதான்.

1967 தேர்தலில் தி.மு.க. வென்றது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றிருந்தார் அண்ணா. அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். மாநிலம் முழுக்க விரிவாக்க நிதி இடம் கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. "மூணு படி எங்கே? நிர்வாகம் தெரியாதவங்க" என்று அப்பா ஆரம்பித்தார். "கஜானா காலி, டெல்லி பணம் தரலை, என்ன பண்ண முடியும்?" என்றார் சித்தப்பா. இரண்டு வருஷத்துக்கு முன் எதிராளி சொன்ன சமாதானத்தை இவரும், எதிராளி சொன்ன குற்றச்சாட்டை அவரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டுக்கு வரவேயில்லை. அந்தப் பேச்சுவார்த்தை முறிவு ஆறு வருஷம் நீடித்தது.

அம்மா மட்டும் கட்சி பார்க்கவில்லை. முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைப்பாள். "போன மாசத்துக்கு இது தேவலை. கல்லு கொஞ்சம் கூட" என்பாள். அரசாங்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே நேர்மையான தீர்ப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அரசியல்வாதிகளில் அப்படி யாருமே இல்லையா? இருந்தார்கள். 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சி வரிசையில் இருந்தபடியே மக்களவையில் எழுந்தார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி, முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போனது எப்படி என்று கேட்டார். பிரதமர் நேரு அவருடைய மாமனார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எதிர்க்கட்சி மட்டும் கேட்டிருந்தால், "வழக்கமான புகார்" என்று ஒதுக்கியிருப்பார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் இன்று இல்லை. நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்பது இருக்கட்டும். நம்ம ஆட்சியில் மின்வெட்டு வந்தால் என் வாயிலும் முதலில் காரணம்தான் வருகிறது. அடுத்தவர் ஆட்சியில் வந்தால் கோபம் வருகிறது. அப்போதெல்லாம் அம்மாவின் முறத்தை நினைத்துக்கொள்கிறேன்.