ஒலித்துகள் இசையின் வரலாறும் கருவித் தேர்வும்

மெல்ல நகர்ந்து, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தோன்றாது, ஒரு சூழலைப் போலக் கேட்போரைச் சுற்றி நிற்கும் இசைவகை ஒன்று சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் உருப்பெற்றது. பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேயர் 1978இல் வெளியிட்ட இசைத்தட்டின் வாயிலாக அதற்கு ‘அம்பியன்ற் இசை’ என்ற பெயர் நிலைத்தது. இன்று இவ்விசையை ஆக்க முனைவோர் பெரிதும் நாடுவது ‘கிரனியூலர் சிந்தசைசர்’ எனப்படும் கணனிக் கருவியையாகும். ஒலியை மிகச் சிறு துகள்களாக அரிந்து, அத்துகள்களை ஆயிரக்கணக்கில் தூவிப் புதியதோர் ஒலியை எழுப்புவது அதன் தொழில். இசை மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும் ‘பிளக்-இன்’ வடிவில் இத்தகைய கருவிகள் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. எதைத் தெரிவது என்ற வினாவுக்கு விற்பனையாளர் தரும் விடை பெரும்பாலும் எண்ணிக்கையாகவே அமைகின்றது: முன்னமைப்புகள் இத்தனை, ஒலிமாதிரிகள் இத்தனை. ஆனால் இக்கருவியின் வரலாற்றை நோக்கின், கேட்கவேண்டிய வினா வேறு என்பது புலனாகும். ஒரு துகளை உண்டாக்குவது எக்காலத்தும் பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. துகட்கூட்டத்தை ஆள்வதே சிக்கலாக இருந்தது.

ஒலி துகள்களால் ஆயது என்ற எண்ணம் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஒல்லாந்து அறிஞர் ஐசாக் பேக்மன், அதிரும் தந்தி காற்றை நுண்துணுக்குகளாக அரிந்து எறிகின்றது எனக் கருதினார். அலைக்கொள்கை வெற்றிபெற்றபின் இக்கருத்து மறக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிய கணிதவியலாளர் பூரியர் வகுத்த முறையில், எத்துணைச் சிக்கலான அதிர்வும் எளிய அலைகளின் கூட்டாகக் காட்டப்படலாயிற்று. ஆயினும் அவ்வெளிய அலைகள் காலத்தில் முடிவிலியாக நீள்பவை. காதோ, ஒலி எப்போது எழுந்தது, எப்போது அடங்கியது என்பதையும் உடன் அறிகின்றது.

இம்முரண்பாட்டைக் கையிலெடுத்தவர் இசைவாணர் அல்லர், பொறியியலாளர். 1900இல் புடாபெஸ்டில் பிறந்து, ஜெர்மனியை விட்டு நீங்கி, இங்கிலாந்தின் றக்பி நகரிலிருந்த மின்பொறித் தொழிலகமொன்றில் பணியாற்றிய டெனிஸ் காபோர், 1946இல் தொடர்பாடற் கொள்கை பற்றியும், 1947இல் செவிப்புலன் பற்றியும் கட்டுரைகள் வெளியிட்டார். ஒலியைக் காலம் ஓர் அச்சாகவும் மீடிறன் மற்றோர் அச்சாகவும் கொண்ட தளத்தில் சிறு கட்டங்களாகப் பிரிக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. இக்கட்டத்தைக் காலத்திசையில் ஒடுக்கினால் மீடிறன் திசையில் அது விரியும். ஒன்றில் பெறும் நுண்மைக்கு மற்றதில் விலை கொடுத்தேயாகவேண்டும். 1971இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஒலியாய்வுக்காகவன்று, முப்பரிமாண ஒளிப்பதிவு முறைக்காக என்பது ஈண்டு குறிப்பிடற்பாலது. திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தின்முன் பிளவுகளைச் சுழலச்செய்து, சுருதி மாறாமலே ஒலியின் காலத்தை மாற்றமுயன்ற பொறியொன்றையும் அவர் அமைத்தார். அவருடைய நோக்கம் இசையன்று. தொலைபேசிக் கம்பியிற் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவது.

காபோர் கண்ட விதி இன்றும் ஒவ்வொரு பிளக்-இன்னின் திரையிலும் மறைந்து நிற்கின்றது. 100 ஹேட்ஸ் மீடிறனுடைய தாழ்ந்த சுரமொன்றின் ஓர் அதிர்வு 10 மில்லிசெக்கன் எடுக்கும். துகளின் நீளமும் 10 மில்லிசெக்கனாயின் ஒரேயொரு அதிர்வுதான் அதனுள் அடங்கும். செவி அதனைச் சுரமாக அறியாது, ஒரு சிறு தட்டலாகவே உணரும். 40 மில்லிசெக்கனுக்கு நீட்டினால் நான்கு அதிர்வுகள் அடங்கிச் சுருதி தலைகாட்டத் தொடங்கும். அமைதியான, நீண்ட இசையை விரும்புவோர் 100 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட துகள்களை ஒன்றன்மேலொன்று படியவிடுவதற்கும், பொரிதலும் நொறுங்குதலும் வேண்டுவோர் 20 மில்லிசெக்கனுக்குக் கீழிறங்குவதற்கும் காரணம் இதுவே. நீளத்தைக் குறுகிய எல்லைக்குள் அடைத்துவைக்கும் கருவி எத்துணை அழகிய தோற்றமுடையதாயினும் பாதிக் கருவியே.

துகளை இசைக்குக் கொண்டுவந்தவர் யானிஸ் செனாக்கிஸ். கிரேக்கரான இவர் நாஸி ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கத்தில் பங்குகொண்டவர். பின்னர் 1944–45 மாரிகாலத்தில் ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்த சண்டையிற் படுகாயமுற்று இடக்கண்ணின் பார்வையை இழந்தார். 1947இல் பாரிஸுக்குத் தப்பிச்சென்று கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றினார். ஆலங்கட்டி மழை, கோடையில் ஒலிக்கும் சில்வண்டுக் கூட்டம், தெருவில் ஒரே குரலாக முழங்கிச் சென்று துப்பாக்கி வெடித்ததும் சிதறும் மக்கள்திரள் ஆகியவற்றை அவர் தமது எழுத்துக்களில் உதாரணமாகக் காட்டுகின்றார். இவற்றில் தனியொலி எதுவும் பொருட்டன்று. திரளின் போக்கே பொருள். திரளை ஆள்வதற்கு இசையிலக்கணத்தின் பழைய விதிகள் போதா என்று கண்ட செனாக்கிஸ், நிகழ்தகவுக் கணிதத்தை நாடினார். அவரது வாழ்வையும் இக்கணிதத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

1958இல் பிறசல்ஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் மண்டபத்தை லெ கொர்பூசியேயின் பெயரில் வடிவமைப்பதிற் பெரும்பங்கு செனாக்கிஸுடையது. அங்கு ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குமுன் ஒலித்த அவரது ஆக்கத்தின் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ‘கொன்க்ரே பிஎச்’ எனப்படும் அவ்வாக்கத்துக்கு மூலப்பொருள் எரியும் கரியின் பொரிதல் மட்டுமே. ஒலிநாடாவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வேகத்தை மாற்றி, அடுக்கடுக்காகச் சேர்த்து இதனை ஆக்கினார். அடுத்து 1958–59இல் ‘அனலொஜிக் ஏ’, ‘அனலொஜிக் பி’ என்னும் இணையாக்கங்கள் தோன்றின. முன்னையது ஒன்பது தந்திவாத்தியங்களுக்கு, பின்னையது ஒலிநாடாவுக்கு. பின்னையதில் எளிய அலைகளைப் பதிந்த நாடா நுண்துண்டங்களாக வெட்டி ஒட்டப்பட்டது. நிகழ்தகவு விதிகள் தெளிவாக இருந்தன. ஆனால் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் ஒரு மனிதனுடைய கைகளும் அவ்விதிகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. கேட்டுப் பார்ப்பின் கொள்கையின் வீச்சுக்கு ஒலி எட்டவில்லை என்றே சொல்லத்தோன்றும். கரியின் பொரிதலிலிருந்து பிறந்த சிற்றாக்கமே இன்றும் உயிருடன் ஒலிக்கின்றது.

கைகளின் இடத்தைக் கணனி எடுத்துக்கொண்டது அமெரிக்காவில். செனாக்கிஸ் நடத்திய பயிற்சியொன்றில் 1972இற் கலந்துகொண்ட கேர்ட்டிஸ் றோட்ஸ், 1974இல் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் சன் டியாகோ வளாகத்தில் முதன்முதலாகக் கணனியால் ஒலித்துகள் தொகுப்பை நிகழ்த்தினார். ஒவ்வொரு துகளுக்கும் அதன் தொடக்கநேரம், மீடிறன், வீச்சம் முதலியவற்றைத் தனித்தனித் துளையட்டையிற் பதியவேண்டியிருந்தது. முப்பது செக்கன் ஒலிக்கு ஏறத்தாழ எண்ணூறு அட்டைகள் வேண்டப்பட்டன. எண்களை ஒலியாக மாற்றும் வசதி அவ்விடத்தில் இன்மையால், கணித்த பெறுபேற்றை வேறோர் ஆய்வுநிலையத்துக்கு எடுத்துச்சென்றே கேட்கமுடிந்தது. எழுதுவதற்கும் கேட்பதற்கும் இடையே இத்துணைத் தூரம் இருக்கையில் எவரும் செவியை நம்பி இசையமைக்க இயலாது. அடுத்த ஆண்டில் றோட்ஸ் துகள்களை ஒவ்வொன்றாக விதிப்பதைக் கைவிட்டு, ‘இந்நேரத்திலிருந்து இந்நேரம்வரை, இவ்வடர்த்தியில், இச்சுருதி எல்லைக்குள்’ எனத் திரளுக்கே கட்டளையிட்டு, தனித்துகள்களின் விவரங்களை நிரலே உண்டாக்கச் செய்தார். இன்றைய பிளக்-இன் ஒவ்வொன்றின் கட்டமைப்பும் அடிப்படையில் இதுவே. திரையிற் காணும் ஒரு குமிழைத் திருப்புபவர் துகளைத் தொடுவதில்லை. துகட்கூட்டத்தின் எல்லையை மாற்றுகின்றார்.

ஆட்சி செவிக்கு உட்பட்டது 1986இல். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்திற் கற்பித்த பரி ட்ருவாக்ஸ், விசேட ஒலிச்செய்கைப் பொறியொன்றைச் சிறுகணனியால் இயக்கி, துகட்கூட்டம் பிறக்கும் அக்கணமே அதனைக் கேட்டபடி மாற்றும் வசதியைப் பெற்றார். ‘றிவறன்’ என்னும் அவரது ஆக்கம் அவ்வாண்டிலேயே அமைந்தது. சில துளிகளாகத் தொடங்கிப் பேராறாகப் பெருகும் அவ்வாக்கத்தில், செக்கனுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட துகள்கள் திரண்ட இடங்களும் உள. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை இதைவிட நேராகக் கேட்கவைத்த இசை அரிது.

ட்ருவாக்ஸ் சூழல் ஒலிகளை ஆராய்ந்த குழுவிற் பங்குகொண்டவர். ஆகவே, அவர் விரைவிலேயே பதிவுசெய்த ஒலிகளைத் துகளாக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. பழைய ஒலிநாடாவின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி இருமடங்கு நீளும். சுருதியும் ஒரு ஸ்தாயி தாழும். துகள்முறையில் அவ்வாறில்லை. பதிவின்மீது துகளெடுக்கும் இடம் நத்தைவேகத்தில் நகர, ஒவ்வொரு துகளும் தன் இயல்பான வேகத்தில் ஒலிப்பதால் நீளம் மட்டும் கூடும், சுருதி நிற்கும். இடத்தை அறவே நிறுத்தினால் ஒரு கணம் உறைந்து நிற்கும். அம்பியன்ற் இசையும் துகள்முறையும் கைகோத்தது இவ்விடத்திலேயே. ஈனோவின் 1978ஆம் ஆண்டு ஆக்கத்திலும் துகள்முறை உண்டு எனச் சிலர் எண்ணுவது தவறு. அது வெவ்வேறு நீளமுள்ள நாடாவளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது சுழல்வதால் அமைந்தது. பிற்காலத்திற் பரவிய ‘போல்ஸ்ட்றெச்’ என்னும் நீட்டல் மென்பொருளும் மீடிறன் பகுப்பு வழியைச் சார்ந்ததேயன்றித் துகள்வழியைச் சார்ந்ததன்று.

1996இல் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் வி.எஸ்.ரி. என்னும் பொதுமுறையை வெளியிட்டபின், ஆய்வுகூடத்திலிருந்த முறை வீட்டுக் கணனிக்கு இறங்கிற்று. ‘றியாக்ரர்’, ‘பாட்ஷொப்’, ‘குவான்ரா’, ‘பிக்மென்ற்ஸ்’ எனப் பெயர்கள் பெருகின. ‘அபிள்ட்டன் லைவ்’ மென்பொருளின் உருவாக்கத்திற் பங்குகொண்ட இசைஞர் றொபேட் ஹென்க்கே ஆக்கிய ‘கிரானுலேற்றர்’ கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆனால் அம்மென்பொருளுக்குள் மட்டுமே அது இயங்கும். ‘கிளவுட்ஸ்’ எனும் சிறு வன்கருவியின் நிரல் பகிரங்கமாக வெளியிடப்பட்டமையால் அதன் வழித்தோன்றல்கள் பலவிடத்தும் கிளைத்தன. அடர்த்தி இன்று அளவுகோலாகாது. 1986இல் விசேடப் பொறி வேண்டிய அடர்த்தியைச் சாதாரண மடிக்கணனி எளிதில் தாங்கும்.

எனவே நோக்கவேண்டியது, கருவி எதனை வெளிப்படையாகத் தருகின்றது, எதனைத் தானே தீர்மானித்துக்கொள்கின்றது என்பதே. முதலாவதாக ஒழுங்கின்மையைக் கருதலாம். செக்கனுக்கு 50 துகள்கள் மாறா இடைவெளியில் எழுந்தால், மூல ஒலி எதுவாயினும் 50 ஹேட்ஸ் உறுமலொன்று அதன்மேற் படியும். அம்பியன்ற் இசையில் இது பெருந்தொல்லை. நேரத்தைச் சற்றுச் சிதறவிட்டால் உறுமல் கரைந்துபோகும். நேரம், இடம், சுருதி, இடவலப் பரவல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிதறல் அளவு தரும் கருவிக்கும், யாவற்றையும் ஒரே குமிழில் அடக்கி விடும் கருவிக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. பின்னையதில் செனாக்கிஸின் இடத்தில் கருவி செய்தவரே அமர்ந்துகொள்கின்றார். துகளின் ஓரங்களை மென்மையாக்கும் வளைகோடும் இவ்வாறே: ஓரம் கூர்மையாயின் ஒவ்வொரு துகளும் சொடுக்கும்.

அடுத்து, பதிவுசெய்த கோப்பைத் துகளாக்கும் வாத்தியத்துக்கும், வந்துகொண்டிருக்கும் ஒலியைத் துகளாக்கும் ‘போர்ட்டல்’ போன்ற விளைவுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு. விளைவுக் கருவிக்கு எதிர்காலம் தெரியாது. சேமித்துவைத்த சில செக்கன் கடந்தகாலமே அதன் கையிருப்பு. நேரே வாசிப்போருக்கு அது ஏற்றது. ஒரு பதிவின் நடுவில் எங்கோ கிடக்கும் ஒரு கணத்தைத் தேடிப்பிடித்து உறையவைக்க விரும்புவோருக்கு வாத்தியமே வேண்டும். அவ்வாத்தியம் தன் சொந்தப் பதிவை ஏற்றவிடுகின்றதா என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்வது நன்று. நிறுவனம் தந்த ஒலிமாதிரிகளையே சுற்றிவரச் செய்யும் கருவிகளும் உள.

ட்ருவாக்ஸ் 1990இல் ஆக்கிய ‘பசிபிக்’, வன்கூவர்க் கரையிற் பதிந்த கடலலையையும் துறைமுகக் கப்பல்களின் ஊதலையும் பலமடங்கு நீட்டி அமைந்தது. ஊதலின் உள்ளே அடங்கிக் கிடந்த சுரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டுக் கோயில் மணியோசைபோல் நின்று ஒலிக்கின்றன. ஆயினும் அது கப்பலின் ஊதலே என்பதைக் கேட்போர் ஒருபோதும் மறப்பதில்லை.