கவனக்குறைவு என்று எழுதினேன்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்தில் என் முதல் விபத்து அறிக்கையை எழுதினேன். ஜொகூரில் ஒரு தளவாடத் தொழிற்சாலை. நேப்பாளத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மேசை வாளில் ரப்பர் மரப் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது இடது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. வாளுக்கு மேல் இருக்கவேண்டிய காப்பு மூடி, பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதன் மேல் மரத்தூள் தடிமனாகப் படிந்திருந்தது. அன்றைக்குக் கழற்றியது இல்லை, மாதக்கணக்கில் அங்கேயே தொங்குகிறது என்று பார்த்தாலே தெரியும்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "மூடிய போட்டுக்கிட்டு அறுத்தா ஒரு நாளைக்கு எத்தன பலகை போகும்னு நினைக்கிற தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்பதைப் புரிந்துகொண்டு சொன்னார்.

படிவத்தில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். 'தீர்வு' கட்டத்தில் 'மறுபயிற்சி'. அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பவில்லை. நான்கு வருடம் பொறியியல் படித்தவன் எழுதிய அந்த வரியில் பொறியியல் எதுவுமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த உறுத்தலில்தான் மேசை வாளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மேசை வாள் எளிமையான இயந்திரம். ஒரு மேசை, நடுவில் ஒரு பிளவு, அதன் வழியே பாதி மட்டும் எட்டிப் பார்க்கும் வட்ட வாள். பலகையை மேசைமேல் வைத்து வாளை நோக்கிக் கையால் தள்ள வேண்டும். வாள் இருந்த இடத்திலேயே சுற்றும், கைதான் அதை நோக்கிப் போகும். பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால் அதன் பல்நுனி நொடிக்கு 53 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்கூட 110-க்கு மேல் போகக்கூடாது.

ஆனால் விரலை வாளிடம் கொண்டுபோவது பல சமயம் வேகமோ கவனக்குறைவோ அல்ல, மரம்தான். மரத்துக்குள் ஓர் இழுவிசை அடைபட்டிருக்கும். அறுபட்டதும் அது விடுபட்டு, அறுத்த பிளவு மறுபடியும் மூடப் பார்க்கும். வாளின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. மூடும் பிளவு பின்பக்கப் பற்களைக் கவ்வினால் அவை பலகையைத் தூக்கி, தள்ளுகிறவர் மீதே எறிந்துவிடும். அதுவரை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்த கைக்கு முன்னால் திடீரென்று பலகை இல்லை, வாள்தான் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. வாளுக்குப் பின்னால், வாளோடு ஒரே நேர்கோட்டில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை நிறுத்துவது. பிளவு மூடாதபடி அது பிடித்துக்கொள்ளும். பிரிட்டன் 1922-லேயே தன் மரவேலை இயந்திர விதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் வாளோடு சேர்ந்து ஏறி இறங்கும் அப்படிப்பட்ட தகடு புதிய மேசை வாள்களுக்குத் தரநிலையாக வந்தது 2008-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அங்கே விற்ற வாள்களில் பிளவைப் பிடிக்கும் தகடும் காப்பு மூடியும் பெரும்பாலும் ஒரே துண்டு. பலகையை முழுக்க அறுக்காமல் காடி மட்டும் வெட்டவேண்டும் என்றால் மூடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் தகடும் போய்விடும். வேலை முடிந்த பிறகு திரும்ப மாட்டுவது இன்னொரு வேலை. எங்கள் தொழிற்சாலைச் சுவரில் தொங்கிய மூடி எனக்கு ஞாபகம் வந்தது. அதைக் கழற்றியவனைக் குற்றம் சொன்னேனே தவிர, கழற்றத்தான் வேண்டும் என்கிறமாதிரி அதை வடிவமைத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை.

1999-ல் இந்தக் கேள்வி ஒரிகன் மாநிலத்தில் ஸ்டீவ் கெஸ் என்பவருக்கு வந்தது. அவர் இயற்பியலில் முனைவர், தொழில் காப்புரிமை வழக்கறிஞர், ஓய்வு நேரத்தில் மரவேலை செய்பவர். தன் பட்டறையில் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கை பட்டவுடன் இதை நிறுத்த முடியுமா என்று யோசித்திருக்கிறார். கையை வாளிடம் போகவிடாமல் தடுப்பதுதான் அதுவரை எல்லோரும் செய்துவந்தது. கை வந்து பட்டுவிடும் என்று ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர் மாற்ற நினைத்தார். கவனம் என்றாவது ஒருநாள் தவறத்தான் செய்யும் என்பதே அவருடைய வடிவமைப்பின் தொடக்கப்புள்ளி.

செயல்படும் விதம் இதுதான். வாளில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் பட்டால் அது பெரிதாக மாறாது. மனித உடல் பட்டால் சமிக்ஞையின் ஒரு பகுதியை உடல் இழுத்துக்கொள்ளும், சமிக்ஞை சட்டென்று இறங்கும். கைப்பேசித் திரை நம் விரலைக் கண்டுகொள்வதும் ஏறத்தாழ இதே தத்துவத்தில்தான். இறக்கம் தெரிந்ததும், அழுத்தி வைக்கப்பட்ட ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ந்து அதை உருக்கிவிடும். ஸ்பிரிங் ஓர் அலுமினியக் கட்டையை வாளின் பற்களுக்குள் தள்ளும். பற்கள் அதில் புதைந்து வாள் நின்றுவிடும். சுற்றிக்கொண்டிருந்த வேகமே வாளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஐந்து மில்லி வினாடிக்குள் நடக்கிறது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,000 சுற்று வேகத்தில் ஐந்து மில்லி வினாடி என்றால் வாள் மூன்றில் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். நொடிக்கு ஓர் அடி வேகத்தில் வரும் கை, அந்த நேரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே உள்ளே போயிருக்கும். துண்டாகப் போகவேண்டிய விரலுக்கு ஒரு பிளாஸ்திரி போதும்.

கெஸ் முதலில் ஹாட் டாக் சாஸேஜ்களை வைத்துச் சோதித்தார். பிறகு 2000-ல் தன் இடது கை மோதிர விரலையே வாளில் வைத்தார். வலித்தது, ரத்தம் வந்தது, விரல் மிஞ்சியது.

குறையே இல்லாத கருவி என்று சொல்ல முடியாது. ஒருமுறை செயல்பட்டால் அந்தப் பிரேக் பெட்டி வீண், பெரும்பாலும் வாளும் வீண். ஈர மரமோ மரத்துக்குள் இருக்கும் உலோகமோ பொய்யாகத் தூண்டிவிடலாம். ஆனால் அதே நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மேசை வாள் பட்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் வருடத்துக்கு 30,000-க்கும் மேல். விரல் துண்டாகிறவர்கள் சுமார் 4,000. ஒரு நாளைக்குப் பத்துப் பேர்.

2000 ஆகஸ்டில் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் கெஸ்ஸும் நண்பர்களும் இதைச் செய்துகாட்டினார்கள். மறுவருடம் ஆணையம் பாராட்டுச் சான்று தந்தது. பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்று வாங்கியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். யாரும் வாங்கவில்லை. ரியோபி நிறுவனம் 2002-ல் ஒப்பந்தம் வரை வந்தது, கடைசியில் அதுவும் கையெழுத்தாகவில்லை. வேறு வழியில்லாமல் கெஸ் குழுவினர் 'சாஸ்டாப்' என்ற பெயரில் தாங்களே வாள் தயாரிக்க இறங்கி, 2004 இறுதியில் விற்பனையைத் தொடங்கினார்கள்.

ஏன் யாரும் வாங்கவில்லை? கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள்: விலை கூடும், மலிவான சிறிய வாள்களுக்குள் இதைப் பொருத்துவது கடினம், உரிமத்தொகை அதிகம். மூன்றிலும் உண்மை இருந்தது. ஆனால் அடிப்படைக் கணக்கு வேறு. ஒரு விரல் போனால் அதற்கான செலவு எங்கே போய் விழுகிறது? மருத்துவமனையில், காப்பீட்டில், அரசாங்கத்தில், அந்தக் குடும்பத்தில். வாள் செய்தவரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் விழுவதில்லை. பிரேக் பொருத்தினால் வரும் செலவோ நேராக அவர் புத்தகத்தில்தான் விழும். 'கவனக்குறைவு' என்ற சொல் இந்த இடத்தில் வேலை செய்கிறது. செலவு ஏன் என் புத்தகத்துக்கு வரக்கூடாது என்பதற்கான காரணத்தை ஒரே சொல்லில் அது சொல்லிவிடுகிறது.

அந்தச் சொல் ஒருமுறை நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்பட்டது. 2005-ல் பாஸ்டன் பகுதியில் மரத்தரை பதிக்கும் தொழிலாளி ஒருவர் 159 டாலர் விலையுள்ள ரியோபி வாளில் கையை வெட்டிக்கொண்டார். காப்பு மூடி இல்லை, பக்கத் தாங்கலும் வைக்கவில்லை, வெறும் கையால் தள்ளியிருக்கிறார். என் படிவத்தில் எழுதுவதாக இருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். 2010-ல் ஜூரி, தவறில் 35 விழுக்காடு அவருடையது என்றது. கூடவே வாளின் வடிவமைப்பும் குறையுடையது என்று சொல்லி, 15 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தொழிலாளி கவனமில்லாமல் இருந்தார் என்பதும், இயந்திரம் இன்னும் நல்லதாக இருந்திருக்கலாம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நான் எழுதிய கட்டத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் இடம் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு நிறுத்தினால் கெஸ் கதாநாயகன் ஆகிவிடுவார். கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 2003-ல், இப்படிப்பட்ட பாதுகாப்பை எல்லா மேசை வாள்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் ஆணையத்திடம் மனு கொடுத்தார். கட்டாயமானால் அவருடைய காப்புரிமைகளைத் தாண்டி யாரும் வாள் செய்ய முடியாது. மனுப் போட்டவரே லாபம் பார்ப்பார். அந்தச் சந்தேகத்தைப் பிற்பாடு நடந்தது வலுவாக்கியது. போஷ் நிறுவனம் வாளைச் சிதைக்காமல், வாயு அழுத்தத்தால் மேசைக்குக் கீழே தள்ளிவிடும் மாற்று முறையைக் கொண்டுவந்தபோது சாஸ்டாப் வழக்குத் தொடுத்தது. 2017-ல் அந்த வாளை அமெரிக்காவில் இறக்குமதி செய்யத் தடை வந்தது. விரல்களைக் காக்கும் இன்னொரு இயந்திரம் கடையிலிருந்து போனது.

1959-ல் வோல்வோவின் நீல்ஸ் போலின் மூன்றுமுனை இருக்கைப் பட்டையை உருவாக்கியபோது, அந்நிறுவனம் காப்புரிமையை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. கெஸ்ஸை அதோடு ஒப்பிட்டுத் திட்டுவது சுலபம். வோல்வோவுக்கு விற்கக் கார் இருந்தது. எல்லோரும் மறுத்த நாளில் கெஸ்ஸிடம் இருந்தது காப்புரிமை மட்டும்தான். அது இல்லையென்றால் 2004-ல் அந்த வாளே வந்திருக்காது. அது இருந்ததால்தான் மற்றவர்களின் வாள் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆணையம் 2011-ல் விதி இயற்றும் முதல் படியை எடுத்து வைத்தது. 2017-ல் வரைவு, 2023-ல் திருத்திய வரைவு. 2017-ல் சாஸ்டாப்பை ஃபெஸ்டூலின் தாய் நிறுவனம் வாங்கிவிட்டது. விதி வந்தால் முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுத்தருவதாக 2024-ல் அந்நிறுவனம் அறிவித்தது. கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அங்கே அது இன்னும் கட்டாயமாகவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், முதலாளி 'நடைமுறைக்கு இயன்ற அளவு' தொழிலாளியைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. எது இயன்றது என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் தருகிறது: ஆபத்து எவ்வளவு கடுமையானது, அதைப் பற்றி என்ன தெரியும், அதை நீக்கும் வழி கிடைக்கிறதா, அதற்கு எவ்வளவு செலவு. அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டு நடந்த சண்டை முழுவதும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். முதல் மூன்றுக்கும் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எல்லோரும் நாலாவதில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

நானும் அங்கேதான் நிற்கிறேன். போன வருடம், கை கிட்டே வந்தாலே வாளைக் கீழிறக்கும் அமைப்புள்ள இயந்திரம் ஒன்றுக்கு முன்மொழிவு எழுதினேன். கேமராவால் கையைக் கண்டுகொள்ளும் இத்தகைய வாள்களைப் பெரிய தொழிற்சாலைகளுக்காக ஆல்டென்டார்ஃப் போன்ற நிறுவனங்கள் இப்போது செய்கின்றன. மேலாளர் பொறுமையாகப் படித்தார். "போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், அந்த நேப்பாளத்துக்காரரின் விரலுக்கு எங்கள் கணக்கில் செலவே இல்லை என்பது தெரிந்தது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ இருக்கிறது. எந்த விரல் போனால் எத்தனை விழுக்காடு இழப்பு என்று அட்டவணை இருக்கிறது. அதன்படி அவருக்குப் பணம் கிடைத்தது, அவர் ஊருக்குப் போய்விட்டார். எங்கள் புத்தகத்தில் இரண்டு நாள் உற்பத்தி இழப்பு மட்டும் பதிவாகியிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இயந்திரத்தின் காசு என் ஆயுளில் திரும்பாது.

முன்மொழிவு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. இதற்கிடையில் கழற்றாமலேயே ஒதுக்கிவைக்கக்கூடிய மூடியும், வாளோடு ஏறி இறங்கும் தகடும் மூன்று இயந்திரங்களுக்கு வாங்க அனுமதி கிடைத்தது. சூப்பர்வைசர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது பரவால்ல தம்பி, பலகை குறையல" என்றார். சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. இப்போது அதில் யாரோ தொப்பி மாட்டுகிறார்கள்.