ஈப்போவில் சுவைக்க, வீடு திரும்பிச் சமைக்க: பேராக் தோட்டத்துச் சாப்பாடு

ஈப்போ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளைக் காப்பியும் கோழியோடு வரும் தவ்கேயும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் நல்லவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம் செய்து வரும் தமிழ்க் குடும்பத்துக்கு இங்கே வேறொரு சாப்பாடும் உண்டு. அது பாட்டிமார் தோட்டத்து லயங்களில் சமைத்தது. பெரும்பாலும் கடைப் பலகைகளில் அதன் பெயர் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் போக வேண்டிய இடம் புந்தோங். இந்தியர்கள் அதிகம் வாழும் இந்தப் பகுதியில் 'கம்போங் கச்சாங் பூத்தே' என்றே பெயர் பெற்ற இடம் இருக்கிறது. கச்சாங் பூத்தே தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர்கள் தமிழ்நாட்டின் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பத்தார். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான். அந்தக் காலத்தில் கடலைத் தட்டைத் தலையில் சுமந்து, தியேட்டர் வாசல்களில் பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி விற்றார்கள். இன்று அதே கடலை பொட்டலங்களிலும் டின்களிலும் பல மாநிலங்களுக்குப் போகிறது.

கச்சாங் பூத்தே என்பது ஒரே பண்டம் அல்ல. வறுத்த வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, ஓமப்பொடி, பக்கோடா, முறுக்கு எல்லாம் சேர்ந்த கூட்டுப் பெயர் அது. வாங்கும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டு வாயில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் பழசாகியிருந்தால் முறுக்கு முதல் கடியிலேயே சொல்லிவிடும்.

வீட்டில் செய்ய எளிது வேர்க்கடலை. குவாலியில் இரண்டு கப் கல் உப்பைச் சூடாக்கி, தோலுடன் உள்ள பச்சை வேர்க்கடலையைக் கொட்டி, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மணலில் வறுக்கும் பழைய முறைக்கு வீட்டு மாற்று இது. சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் போவதால் கடலை கருகாது. பிறகு சல்லடையில் சலித்துவிட்டு, அதே உப்பை அடுத்த முறைக்கும் எடுத்து வைக்கலாம். முறுக்குக்கு நான்கு பங்கு பச்சரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு, சீரகம் அல்லது ஓமம், உப்பு, கொஞ்சம் வெண்ணெய். மாவில் காற்றுக் குமிழ் இல்லாமல் அச்சில் நன்றாக அழுத்துங்கள். குமிழோடு எண்ணெயில் விழும் மாவு வெடித்துத் தெறிக்கும்.

அடுத்தது மரவள்ளிக்கிழங்கு. இதைச் 'சிற்றுண்டி' என்று சொன்னால் பழைய தோட்டத்து ஆட்களுக்குக் கோபம் வரலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேராக்கில் நுழைந்ததிலிருந்து 1945 வரை அரிசி எட்டாக்கனியாகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் நட்ட கிழங்குதான் மூன்று வேளையும். ஆண்கள் பலரைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோன பிறகு, மிஞ்சிய பெண்களும் குழந்தைகளும் இந்தக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் வேறொரு தொல்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போய்விடும் என்று, பல இடங்களில் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் எடுத்துச் செல்வதற்கே தடை இருந்தது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதை எதிர்கொள்ள 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பேராக்கின் சுங்கை சிப்புட்காரர். என்றாலும் பால்மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டதோடு, லயங்களும் அவற்றின் பின்கட்டுத் தோட்டங்களும் போயின. அடுக்குமாடி வீட்டில் கிழங்கு நட மண் ஏது? இன்று பலர் சந்தையில்தான் வாங்குகிறார்கள். அதோடு, எந்தக் கிழங்கை எப்படி வேகவைப்பது என்ற கைப்பழக்கமும் நழுவிவருகிறது.

அந்தப் பழக்கம் முக்கியமானது. மரவள்ளியில் சயனைடு வெளியிடும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கசப்பு ரகத்தில் அது கூடுதல். ஆகவே பச்சையாகத் தின்னவே கூடாது. பழுப்புத் தோலோடு அதனடியில் இருக்கும் தடித்த உள்தோலையும் முழுதாக உரித்து, துண்டு போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிறைய தண்ணீரில் மூடாமல் நன்கு வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் குழம்பு வைக்கக் கூடாது. வெந்தும் கசக்கிற கிழங்கைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். மரவள்ளிக் கொழுந்து சமைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலையில் அந்தப் பொருள் கிழங்கைவிட அதிகமாக இருக்கும். இடித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்த பிறகே தேங்காய்ப்பாலில் சேர்க்கலாம்.

வெந்த கிழங்குக்குத் துருவிய தேங்காயும் சீனியும் ஒரு வழி. நெத்திலிச் சம்பால் இன்னொரு வழி, தோட்டத்து நாக்குக்கு இதுதான் சரி. ஊறவைத்த காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், சுட்ட பிளாச்சான் ஒரு சிறு துண்டு ஆகியவற்றை அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி நெத்திலியைப் பொரித்துத் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் அரைத்ததைச் சிறு தீயில் வதக்குங்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் மிளகாய் பச்சை வாடை அடிக்கும். பிறகு புளிக்கரைசல், கொஞ்சம் சீனி, கடைசியில் நெத்திலி. நெத்திலியிலும் பிளாச்சானிலும் உப்பு இருப்பதால் தனி உப்பு பெரும்பாலும் தேவைப்படாது. பிளாச்சான் மலாய்க்காரர் சமையலிலிருந்து வந்தது. ஆனால் லயத்து அம்மிக்கு அது அந்நியப் பொருள் அல்ல.

காலையில் கிளம்புகிறவர்கள் புட்டு மாயாம் தேடலாம். நம் இடியாப்பம்தான். இந்த நாட்டில் பெயரில் புட்டாகிவிட்டது. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சீனியும் வைத்துத் தருவார்கள். மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்து வரும் வியாபாரி கண்ணில் பட்டால் நிறுத்தி வாங்கிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் கிடைப்பது கடினம். லாஹாட் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா கடைகளில் தோசையும் ஆப்பமும் கிடைக்கும்.

ஆப்பத்துக்கு முன்பெல்லாம் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து கொஞ்சம் கள் வாங்கி மாவைப் புளிக்கவைத்தார்கள். இப்போது ஈஸ்ட் போடுகிறார்கள். வீட்டில் செய்கிறவர்கள் அரைத்த அரிசியோடு சிறிது சோறும் தேங்காய்த் தண்ணீரும் சேர்த்து இரவு முழுதும் வைத்துப் பார்க்கலாம். சட்டி சூடாக இருக்கும்போது மாவை ஊற்றிச் சுழற்றினால், ஓரம் வலைபோல் வரும்.